நான்கு மணிக் கையெழுத்து

மூன்று மணி பத்து நிமிடம்.
சொல்லாமல் வருவதுதான் எங்கள் வழக்கம்.
பூட்ஸின் பனியைத் தட்டிவிட்டு
அடையாள அட்டையைக் கண்ணாடிக் கதவோடு
ஒட்டிப் பிடித்தேன்.
திறந்தவள் பெயர் சிர்க்கு.
ஒரு கையில் சாவிக்கொத்து,
மறு கையில் யாருடையதோ ஈரக் காலுறை.

ராஹே நகரில், உறைந்த கடலைப் பார்த்தபடி
முப்பத்தொரு படுக்கைகள்.
இரவுக்கு இருவர் என்கிறது உரிமம்.
இன்னொருவர் எங்கே?
"காய்ச்சல்" என்றாள். எப்போதிருந்து?
"நவம்பரிலிருந்து."
இது ஜனவரி.
அது எந்த மாதிரிக் காய்ச்சல் என்பது
எங்கள் இருவருக்குமே தெரியும்.

நடைவழிப் பலகையில் செவ்வாய்க்கிழமை, சால்மன் சூப்.
இன்று வெள்ளி.
எழுதிக்கொண்டேன்.
ஏழாம் அறையில் அழைப்புமணிக் கயிறு
கைக்கு எட்டாத உயரத்தில் சுருட்டி முடிச்சிட்டிருந்தது.
எழுதிக்கொண்டேன்.
பதினொன்றில் தண்ணீர்க் குவளை இடப்பக்கம்.
ஆவுனேவின் இடக்கையோ
பக்கவாதத்தோடு போய்விட்டது.
விழித்தபடி குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்,
நின்றுபோகாத ரயிலைப் பார்ப்பவர் போல.
எழுதிக்கொண்டேன்.
குவளையை வலப்பக்கம் நகர்த்தியும் வைத்தேன்,
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

பதினான்கு. வெய்க்கோ ரவுத்தாயோகி.
பனியுடைப்புக் கப்பலில் முப்பத்துநான்கு வருடம் மெக்கானிக்.
குதிகாலில் இரண்டு யூரோ நாணயம் அளவு புண்,
விளிம்பு கறுத்துவிட்டது.
கட்டில் காலில் தொங்கிய அட்டையில்
இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்த கணக்கு:
பத்து, இடம். பன்னிரண்டு, வலம்.
இரண்டு, இடம். நான்கு, வலம்.
எல்லாவற்றிலும் கையெழுத்து.
நான்கு மணிக்கும்.
என் கடிகாரத்தில் மூன்று இருபத்திரண்டு.

என் கண் போன இடத்தை அவள் பார்த்துவிட்டாள்.
மறுக்கவில்லை.
"நாலு மணிக்கு நான் எந்த அறையில் இருப்பேனோ.
கையெழுத்தாவது நேரத்துக்கு வரட்டும் என்றுதான்..."
எங்கோ மணி அடித்தது.
வாக்கியத்தை என்னிடம் விட்டுவிட்டு ஓடினாள்.

பொய்ப்பதிவு.
எங்களிடம் அதற்கு ஒரு சொல் உண்டு,
ஓர் எண்ணும் உண்டு: 4.2.
நாற்காலியை இழுத்துப் போட்டுக் காத்திருந்தேன்.
நான்கு ஆனது. அவள் வரவில்லை.
நான்கு பத்து.
மாடியில் எதுவோ விழுந்தது,
பிறகு அவள் குரல், பிறகு தண்ணீர்ச் சத்தம்.

வெய்க்கோ கண்ணைத் திறக்காமலே பேசினார்:
"எஞ்சின் அறையிலும் இப்படித்தான்.
பதிவேட்டில் எண்ணெய் எப்போதும் முழு அளவு.
நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
ஒருநாள் பேரிங் எரிந்தது.
என்னைத்தான் இறக்கிவிட்டார்கள்.
ரெண்டாவது ஆளைக் கேட்டு நான் எழுதிய கடிதங்கள்
கம்பெனி அலமாரியில் பத்திரமாக இருந்தன."
பிறகு, "குதிகால் எரிகிறது."

இல்லவாசிகளைத் தொடக்கூடாது என்பது விதி.
தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் திணித்து
குதிகால் காற்றில் நிற்கும்படி செய்தேன்.
அவர் நன்றி சொல்லவில்லை.
"இப்போது பரவாயில்லை" என்றார்,
ஏதோ ஒரு வால்வைப் பற்றிச் சொல்வதுபோல.

நான்கு நாற்பத்தொன்று.
முழங்கைவரை நனைந்து வந்து சேர்ந்தாள்.
புரட்டினாள்:
இடுப்பில் ஒரு கை, தோளில் ஒரு கை,
விரிப்பு உரசாமல், தோல் இழுபடாமல்.
பாடப்புத்தகத்தில் படம் போடலாம்.
பிறகு என் பேனாவைக் கேட்டு வாங்கி
நான்கை அடித்து
4:41 என்று எழுதினாள்.

அறிக்கையில் அவள் பெயரின் முதலெழுத்து வரும்.
4.2 வரும். வரத்தான் வேண்டும்;
புண்ணுக்குக் காரணம் தெரியாது,
அட்டையை மட்டும்தான் நம்பும்
அடுத்து வரும் மருத்துவர்.
முப்பத்தொருவருக்கு ஒருத்தி என்பதையும் எழுதினேன்.
முதலாவதற்கு முழுப் பக்கம் இருக்கிறது.
இரண்டாவதற்கு 'பிற குறிப்புகள்', மூன்று வரி.
மூன்று வரியிலும் அதையே எழுதினேன்.
அடித்துத் திருத்திய நான்கை
எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்று
இன்னும் தெரியவில்லை.

வெளியேறும்போது பதினொன்றை எட்டிப் பார்த்தேன்.
ஆவுனே தூங்கிக்கொண்டிருந்தார்.
குவளை காலி.